மாரடைப்பிலிருந்து மீண்டவர் கதி

மாரடைப்பு கண்டவரைச் சாகாமல் காப்பாற்றும் காரியத்தில் நம் தமிழ்நாடு சமீப காலத்தில் அடைந்திருக்கும் அபிவிருத்தி சாமானியமானதன்று. டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலியோர் இங்கே நடத்தி 2017-ஆம் வருஷத்தில் பிரசுரித்த ஆராய்ச்சி ஒன்றே இதற்குப் போதிய சாட்சி. சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, நோயாளியின் இருதய மின்பதிவை உடனுக்குடன் அனுப்பி, காலதாமதமின்றி அவரைச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு அது. 2,420 நோயாளிகளைக் கொண்டு பார்த்ததில், மாரடைப்பு கண்ட ஒரு வருஷத்துக்குள் இறந்துபோவோர் தொகை நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தது. பிறகு 2023-ல் சர்க்கார் ‘இதயம் காப்போம்’ என்ற திட்டத்தை ஆரம்பித்து, ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்று மருந்துகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் இருப்பு வைத்தது. ஏழையின் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைப்பதற்கும், பைபாஸ் ஆபரேஷன் செய்வதற்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வழி செய்தது. கையில் காசில்லாத மனிதருக்கு இவ்வளவு விலையுயர்ந்த சிகிச்சை கிட்டுவது நாம் பெருமைப்படத்தக்க விஷயமே.

நாம் கேட்பது இதற்கு அடுத்த கேள்வி. நாலைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஏறி வீட்டுக்குத் திரும்புகிறாரே, அவருடைய கதி அப்புறம் என்ன?

பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து மேற்கே போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஊர்; ஆவடியிலிருந்து வருவோரும் போரூரிலிருந்து வருவோரும் கூடிக் கலையும் இடம். லாரி ஓட்டுகிறவர், பட்டறையில் நிற்கிறவர், கொத்து வேலைக்குப் போகிறவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் உழைக்கிறவர் என்று உடம்பை நம்பி ஜீவிக்கும் ஜனங்கள் நிறைந்த வட்டாரம் இது. இவர்களில் ஒருவர் மார்வலியோடு பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிர் பிழைத்து, கையில் ஒரு காகிதத்தோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் இங்கிலீஷில் இருக்கும். மருந்துகளின் பெயர்களும், மறுபடி வரவேண்டிய தேதியும், கடின உழைப்பைத் தவிர்க்க வேண்டுமென்ற ஒரு வரியும் அதில் காணப்படும். எது கடின உழைப்பு? இரண்டு குடம் தண்ணீர் தூக்குவதா, மாடிப்படி ஏறுவதா, சைக்கிள் மிதிப்பதா, மனைவியோடு கூடி வாழ்வதா? இதை அவர் கேட்பதற்கும் ஆள் இல்லை. சொல்வதற்கும் ஆள் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில் அண்டை வீட்டார் டாக்டராகி விடுகிறார்கள். ‘அசையாதே, நடக்காதே, எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று அன்போடு உபதேசம் செய்கிறார்கள். மனிதர் கண்ணாடிப் பாத்திரம்போல் மூலையில் வைக்கப்படுகிறார். ஒவ்வொரு ஏப்பத்துக்கும் இரண்டாவது மாரடைப்பு வந்துவிட்டதோ என்று திடுக்கிடுகிறார். வலி நின்றுவிட்டதே என்று மாத்திரையைத் தாமே குறைத்துக்கொள்கிறார். இதற்கு நேர்மாறானவரும் உண்டு. வீட்டில் அரிசி இல்லை. ஆகையால் பத்தாம் நாளே சிமெண்டு மூட்டைக்குத் தோள் கொடுக்கப் போய்விடுகிறார். முன்னவர் பயத்தாலும் பின்னவர் பசியாலும் கெடுகிறார்கள். நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டாரைவிட இளம் வயதிலேயே வருகிறதென்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த பெரிய ஆராய்ச்சியில் தென்னாசியரின் சராசரி வயது 53 என்றும், மற்றவர்களுடையது ஏறக்குறைய 59 என்றும் கண்டிருக்கிறது. 53 வயதில் நம் குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிராது. பையனின் படிப்பு முடிந்திராது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று வைத்திய சாஸ்திரம் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. இருதயப் புனர்வாழ்வுப் பயிற்சி என்று அதைச் சொல்லலாம். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர விஷயம் எளிது. டாக்டர் முதலில் பரீட்சித்து, பயிற்சிக்குத் தகுதி உண்டா என்று தீர்மானிக்கிறார். பிறகு சுமார் பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, நோயாளி ஒரு தேகப்பயிற்சி நிபுணரின் கண்முன் நடக்கிறார். கை கால்களை அசைக்கிறார். வாராவாரம் அளவு கூடுகிறது. அளப்பதற்கு 30 மீட்டர் நீளமுள்ள ஒரு தாழ்வாரமும் கடிகாரமும் போதும். ஆறு நிமிஷத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்று குறித்துக்கொள்வார்கள். நடக்கும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகத்துக்கு அடையாளம். இதோடு மருந்தை விடாமல் சாப்பிடுவதும், பீடி சிகரெட்டை ஒழிப்பதும், உப்பையும் எண்ணெயையும் குறைப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாக மனத்திலுள்ள பயத்தைப் போக்குவதும் அந்தப் பயிற்சியின் அங்கங்கள். 85 பரிசோதனைகளையும் அவற்றில் சேர்ந்த 23,430 நோயாளிகளையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த நிபுணர்கள், இப்பயிற்சி பெற்றவர்களிடையே இருதய நோயால் ஏற்படும் மரணம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்திருப்பதாகக் கண்டார்கள். மீண்டும் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வதும் குறைந்திருக்கிறது.

‘அசையாதே’ என்று சொல்லும் அண்டை வீட்டாரை மட்டும் நாம் குறை கூறுவது நியாயமாகாது. டாக்டர்களே வெகு காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். மாரடைப்பு நோயாளியை ஆறு வாரம் படுக்கையிலிருந்து எழவிடுவதில்லை என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளின் சம்பிரதாயமாக இருந்தது. இத்தனைக்கும் மார்வலியை முதன்முதலில் விவரித்து எழுதிய ஹெபர்டன் என்ற ஆங்கில வைத்தியர், தினம் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்த ஒரு நோயாளி அநேகமாகக் குணமடைந்த விந்தையை 18-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1952-ல் அமெரிக்காவில் லெவீன், லவுன் என்ற இரு டாக்டர்கள் நோயாளியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கத் துணிந்தார்கள். அதுவே அந்நாளில் பெரிய புரட்சியாகக் கருதப்பட்டது. 1966-ல் டல்லஸ் நகரில் ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பரிசோதித்தார்கள். அதே ஐவரை முப்பது வருஷம் கழித்துப் பரீட்சித்தபோது வெளியான உண்மை இது: அவர்களுடைய உழைக்கும் சக்தியை முப்பது வருஷத்து வயோதிகம் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது!

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் கூடும் டிரைவர்களும் கண்டக்டர்களும் கேட்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. லண்டன் மாநகரத்து இரட்டைமாடி பஸ்களில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களையும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு டாக்டர் மாரிஸ் என்பவர் 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே புகை, ஒரே ஊர். ஆயினும் இருதய நோய் டிரைவர்களையே அதிகமாகவும் கடுமையாகவும் பிடித்தது. தேகாப்பியாசத்துக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் ஒப்புக்கொள்ளத் தொடங்கியது இந்தச் சாட்சியத்திலிருந்துதான்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1993-லேயே இதைக் குறித்து ஒரு நிபுணர் கமிட்டியின் அறிக்கையை வெளியிட்டது. வளர்ந்துவரும் நாடுகளை விசேஷமாகக் கவனித்து எழுதப்பட்ட அறிக்கை அது. பெரிய யந்திரங்கள் இல்லாத சிறு வைத்திய நிலையத்திலும் இப்பயிற்சியை நடத்தலாமென்பதே அதன் சாரம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்துறையின் சர்வதேசக் கவுன்ஸில் கணக்கெடுத்து 2019-ல் வெளியிட்டபோது, 203 நாடுகளில் 111-ல்தான் இப்பயிற்சி ஏதோ ஒரு வடிவில் இருந்தது. இல்லாத நாடுகள் பெரும்பாலும் ஏழை நாடுகள். இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கில் அகப்பட்ட நிலையங்கள் 23! புதிதாக இருதய நோய் காண்போரில் 360 பேருக்கு ஒருவருக்கே இடம் உண்டென்று கணக்கிட்டார்கள். நாடகக் கொட்டகைக்கு 360 பேர் வந்து ஒருவர் மட்டும் உள்ளே போனால் கலகமே நடந்துவிடும். இங்கே கலகம் இல்லை. ஏனென்றால் உள்ளே நாடகம் நடக்கிறதென்பதே வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

மருந்து விஷயமும் இதோடு சேர்ந்ததே. டாக்டர் சலீம் யூசுப் முதலியோர் 2011-ல் பிரசுரித்த பல நாட்டு ஆராய்ச்சியில், இருதய நோயோ பக்கவாதமோ கண்ட பிறகு, தகுந்த மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளாதவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 11 பேர். ஏழை நாடுகளில் 80 பேர். ஏழை நாடுகளின் வரிசையில் அன்று இந்தியாவும் இருந்தது. அந்த மருந்துகள் விலை மலிவானவை. விலை மட்டுமே தடையென்றால் இந்த வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. வாராவாரம் முகம் பார்த்து ‘மாத்திரை சாப்பிட்டீரா?’ என்று கேட்க ஒரு மனிதர் இல்லாததே முக்கியமான குறை என்பது நம் அபிப்பிராயம்.

பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் கேட்டால் கிடைக்காதா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். கிடைக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். கரையான்சாவடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு எதிரேயுள்ள ராஜீவ் காந்தி சர்க்கார் பொது ஆஸ்பத்திரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வாரத்துக்கு மூன்று தடவையாகப் பன்னிரண்டு வாரம் என்றால் 36 பிரயாணம். போக வர 1,440 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளிக்கு இருமுறை போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம். மாரடைப்பிலிருந்து அப்போதுதான் எழுந்த மனிதர், நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு இந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். அரைமணி நேரம் நடைபழகிவிட்டு வருவதற்காக! துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய கூலியும் அன்றைக்குப் போயிற்று. மெட்ரோ ரயில் பாதை கரையான்சாவடி வழியாகவே போடப்பட்டிருப்பது ஆறுதலே. ஆனாலும் நடைபழகுவதற்கு ரயிலேறிப் போகும்படி ஒருவரைக் கேட்பது விநோதமாகத்தான் இருக்கிறது.

பெண்களின் நிலைமை இதைவிடச் சங்கடமானது. 2021-ல் சர்க்கார் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணத்தை அளித்தபோது டிக்கெட்டுச் செலவு என்ற தடை நீங்கிற்று. ஆயினும் அடுப்பையும் பேரக் குழந்தையையும் விட்டுவிட்டு வாரத்தில் மூன்று அரைநாள் ‘எனக்குப் பயிற்சி’ என்று சொல்லிப் புறப்படும் உரிமையை எந்த பஸ்ஸும் கொடுக்க முடியாது. இவ்விஷயத்தில் செல்வ நாடுகளிலும் பெண்கள் பின்தங்கியே இருக்கிறார்கள்.

கோர்ட்டுகளோடு பழகினவர்கள் ஒன்று சொல்வதுண்டு: டிக்ரி வாங்குகிறவரையில் வழக்காளிக்கு ஒரு கஷ்டம், வாங்கின பிறகுதான் உண்மையான கஷ்டம். கையில் தீர்ப்பு இருக்கும். சொத்து கைக்கு வராது. நிறைவேற்று மனு, நோட்டீஸ், ஜப்தி என்று வருஷக்கணக்கில் அலைய வேண்டும். உயிர் பிழைத்த ஏழை நோயாளி நிறைவேறாத டிக்ரி பெற்றவரைப் போன்றவரே. சட்டமும் இதுவரை முதல் பாதியைத்தான் பார்த்திருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து காயமுற்ற ஒரு கிராமத் தொழிலாளியைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடமில்லையென்று திருப்பியனுப்பிய வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு பிரசித்தமானது. ஆபத்து வேளையில் சிகிச்சை மறுப்பது அரசியல் சாஸனத்தின் 21-ஆம் ஷரத்துக்கு விரோதமென்றும், பணமில்லையென்ற சாக்கைச் சர்க்கார் சொல்ல இயலாதென்றும் கோர்ட்டார் அறுதியிட்டார்கள். ஆபத்து வேளைக்கு உரிமை ஏற்பட்டுவிட்டது. ஆபத்து நீங்கின மறுநாள் முதல் அந்த மனிதருக்கு என்ன உரிமை?

தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டத்தில் ஒரு விடையின் சாயல் தெரிகிறது. 1948-ஆம் வருஷச் சட்டத்தில் பிறந்த அந்த இ.எஸ்.ஐ. திட்டத்தின்படி, சந்தா கட்டிய தொழிலாளிக்கு நோய்க்காலத்தில் வருஷத்துக்கு 91 நாள் வரையில் சம்பளத்தில் நூற்றுக்கு 70 வீதம் கிடைக்கும். 91 நாள் என்பது பதின்மூன்று வாரம். பயிற்சிக்கு வேண்டியதோ பன்னிரண்டு வாரம்! வீட்டில் படுத்திருப்பதற்குச் சட்டம் அளிக்கும் அதே காலத்துக்குள், எழுந்து வேலைக்குத் திரும்புவதற்கான பயிற்சியையும் முடித்துவிடலாம். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்து இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் இதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். அதிகாரிகளின் மனமிருந்தால் போதும். நூற்றுக்கு 70 வீதம் கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட ஆளை உழைக்கத் தகுந்தவராக்கி அனுப்புவது இன்ஷூரன்ஸ் நிதிக்கும் லாபந்தான். சந்தா கட்டாத கொத்தனாருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் 91 நாளும் இல்லை, 70 வீதமும் இல்லை. அவர்களுக்குக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமே உதவ வேண்டும். ஆபரேஷனுக்குக் கொடுக்கும் தொகையோடு பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கென்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து, பயிற்சி முடிந்தால்தான் அது ஆஸ்பத்திரிக்குச் சேருமென்று விதிப்பது உசிதமான முறையாகும். நிபந்தனையில்லாமல் கொடுத்தால் காகிதத்தில் மட்டும் பயிற்சி நடக்கும் என்பது நாம் அறியாததல்ல.

நிபுணர்களுக்கு எங்கே போவது என்பது அடுத்த ஆட்சேபம். பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் டெனிஸ் சேவியர் முதலியோர் இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 806 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016-ல் பிரசுரித்த பரிசோதனை இதற்குத் தக்க பதில். டாக்டர்களல்லாத சாதாரண சுகாதார ஊழியர்களே ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் சில தடவை சந்தித்துப் பேசினார்கள். ஒரு வருஷம் கழித்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு 97. ஊழியர் சந்திக்காதவர்களிடையே 92. வித்தியாசம் சிறிதென்று தோன்றலாம். ஆனால் ஆராய்ச்சி நடக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளின் கணக்கு இது. ஆராய்ச்சியாளர் காலடியே படாத இடங்களில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருக்குமென்று நாம் ஊகிக்கிறோம். நம்மிடத்தில் அத்தகைய ஊழியர் படை ஒன்று ஏற்கனவே திரட்டப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொடுத்தார்கள். தேகப்பயிற்சி சிகிச்சை நிபுணர்களும் வீட்டுக்கே போனார்கள். பக்கவாதக்காரரின் கையைப் பிடித்து நடத்தத் தெரிந்தவருக்கு இருதய நோயாளியை நடத்தும் முறையைக் கற்பிப்பது மலையைக் கெல்லும் காரியமன்று. சுகாதார ஊழியரைப் பயிற்றுவிக்கும் சர்க்கார் நிலையமே பூந்தமல்லியில் இருக்கிறது.

யோகாசனம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் தேசபக்தர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் மரியாதையோடு ஒன்று சொல்வோம். யோகத்தையே அடிப்படையாகக் கொண்ட இருதயப் பயிற்சி ஒன்றை இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில் 3,959 நோயாளிகளிடம் பரீட்சித்து, டாக்டர் பிரபாகரன் முதலியோர் 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் பதின்மூன்று வகுப்புகள். மரணமும் மறுபடி மாரடைப்பும் முதலான பெரிய விபத்துக்கள் யோகம் பயின்றவர்களில் நூற்றுக்கு 6.7 பேருக்கும், மற்றவர்களில் 7.4 பேருக்கும் நேர்ந்தன. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கொண்டு யோகம் உயிரைக் காத்ததென்று சாதிக்க முடியாது. ஆனால் யோகம் பயின்றவர்கள் பழைய வேலைகளுக்கு அதிகமாகத் திரும்பினார்கள். சுகமாக இருப்பதாகவும் உணர்ந்தார்கள். கூலிக்காரருக்கு இது அற்ப பலனா? யந்திரமின்றி, ஒரு பாயின்மேல் நடத்தக்கூடிய முறை என்ற அளவில் இதை நாம் மனமார ஆதரிக்கிறோம். நம்முடையது என்பதற்காக இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

2023 நவம்பரில் சர்க்கார் ஒவ்வொரு ஜில்லாவிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுத்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று ஜனங்களை அழைத்தது. நல்ல காரியம். எட்டுக் கிலோமீட்டர் நடக்கக் கூடியவர்களுக்கு அது ஆயிற்று. நாற்பது மீட்டர் நடந்து நின்று மூச்சு வாங்குகிறவருக்கு நிழலும், சமதரையும், இடையிடையே உட்கார ஒரு பலகையும் வேண்டும். லாரியும் பஸ்ஸும் இடிக்க வரும் டிரங்க் ரோட்டு ஓரத்தில் இவை கிடைக்குமா? பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோவில் பிராகாரத்தில் கிடைக்கும்; பள்ளிக்கூட மைதானங்களில் கிடைக்கும். ஸ்தல ஸ்தாபனத்தார் காலையில் ஒருமணி நேரம் அவற்றை ஒழித்துக் கொடுத்தால் செலவில்லாமல் காரியமாகும்.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி என்று இந்த ரஸ்தாவில் வரிசையாகச் சாவடிப் பெயர்கள் நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்கும் வேலைத்தலத்துக்கும் நடுவே நோயாளி தங்கிப் பலம் பெறுவதற்கு இப்படியொரு சாவடியைத்தான் நாம் கேட்கிறோம். வேண்டியது பெரிதல்ல. வாரத்தில் மூன்று நாள் காலையில் ஒரு தேகப்பயிற்சி நிபுணர், இரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ், அவசரத்துக்கு மின்அதிர்ச்சிக் கருவியும், கூப்பிட்டால் வரும் டாக்டரும், பத்து நாற்காலி, தமிழில் அச்சிட்ட ஒரு சிறு புத்தகம், பெயர் எழுத ஒரு ரிஜிஸ்டர். வராதவர் வீட்டுக்கு மறுநாள் தொண்டர் போய் ஏன் வரவில்லையென்று கேட்க வேண்டும். பூந்தமல்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் முப்பது மீட்டர் நீளமுள்ள தாழ்வாரம் ஒன்று காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையில் ஒழிவாக இருக்குமா என்பதைத் திருவள்ளூர் ஜில்லா சுகாதார அதிகாரிகள் விசாரித்துப் பொதுஜனங்களுக்குத் தெரிவிப்பார்களாக.